நாற்காலியில் இருப்பவன் தீர்ப்பு

கஸ் பலெர்மோவின் முடிவெட்டும் கடையில் ஒரு சட்டம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய குவார்ட்டர்பேக் யார் என்று யார் வேண்டுமானாலும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தலாம். ஆனால் தீர்ப்புச் சொல்லும் உரிமை நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான். அவன் இறங்கி அடுத்தவன் ஏறும்வரை அவன் சொன்ன பெயரே ராஜா. பிடிக்காதவன் காத்திருந்து, ஏறி உட்கார்ந்து, மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். வால்ட் ஹெனிங்கருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அவருக்கும் ஓட்டு வேண்டுமே என்று மாதம் ஒருமுறை கஸ் அவர் பிடரியில் சும்மாவாவது கத்தியை ஓட்டிவிடுவார்.

வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் வெட்டிப்பேச்சாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும். பிட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு மிச்சமிருக்கிற பெருமை இது ஒன்றுதான். பந்தைக் கையில் வாங்கி, எதிரணி மொத்தமும் தன்னைச் சாய்க்க ஓடிவரும்போது அசையாமல் நின்று, சரியான ஆளுக்கு எறிகிறவன் குவார்ட்டர்பேக். அந்த வேலையில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த பலர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்கள். உள்ளூர் அணி வேண்டாம் என்று துரத்திவிட்ட யூனிட்டஸ், சாம்பியன் அணிக்குத் தரும் மோதிரத்தை நாலு தடவை வாங்கிய மொன்டானா, எத்தனையோ சாதனை செய்தும் ஒரு மோதிரம்கூடக் கிடைக்காத மரீனோ, எல்லாரும் இங்கே பங்காளிகள். அதனால் சண்டையும் பங்காளிச் சண்டைதான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சண்டை உச்சத்தில் இருந்தபோது, டேல் கோசனோவிச் மட்டும் சுவரோரப் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். மற்ற நாட்களில் கடையிலேயே பெரிய குரல் அவனுடையது. ரசாயன ஆலையில் குழாய் பொருத்தும் வேலை அவனுக்கு. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. இன்றைக்கு நாற்காலியில் இருந்தது அவன் மகன் மைலோ. பள்ளி அணியின் குவார்ட்டர்பேக். மறுநாள் நாக்அவுட் ஆட்டம். தோற்றால் வருடமே முடிந்தது. மைலோவைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்ப்பதற்காகவே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு அது ஒரு திருவிழா. டேலுக்கோ மூன்று நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஆட்டத்தில், மைலோ பந்தை எறிந்து முடித்த பிறகு பக்கவாட்டில் வந்த ஒருவன் அவனைத் தூக்கி அடித்தான். பின்மண்டை தரையில் மோதியது. பையன் எழுந்தான். எழுந்து, எதிரணி கூடி நின்ற இடத்தைப் பார்த்து நடந்தான். பாதி வழியில்தான் திரும்பினான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. டேலும் தட்டினான். மகன் தப்பான பக்கம் நடந்ததை அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் தட்டினான்.

வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் பள்ளி ட்ரெய்னர் ரெனே ஸ்டோக்ஸ் கைதட்டவில்லை. மைலோவை வெளியே இழுத்து உட்கார வைத்தாள், அடுத்த ஆட்டத்துக்கும் விடவில்லை. கணினிப் பரிட்சையில் தேறட்டும், பார்க்கலாம் என்றாள். இந்தத் திங்கட்கிழமை மைலோ தேறிவிட்டான். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

அந்தப் பரிட்சையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில், ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், எல்லாப் பையன்களையும் கணினி முன் உட்கார வைப்பார்கள். சில வார்த்தைகளைக் காட்டிவிட்டு எது எது வந்தது என்று கேட்கும். வடிவங்கள் வரும், நிறம் மாறியதும் பொத்தானைத் தட்ட வேண்டும். அதுதான் அவனவன் மூளையின் நல்ல நாள் அளவு. பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி அதே பரிட்சை. ஆகஸ்ட் அளவை எட்டினால் ஆடலாம், எட்டாவிட்டால் வீட்டில் இருக்கலாம். இதை ஏமாற்ற ஒரு வழி உண்டு. ஊரில் பல அப்பன்மாருக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆகஸ்டிலேயே கொஞ்சம் மந்தமாகச் செய்து வைத்துவிட்டால், பின்னால் அடிபட்டாலும் கணக்கு ஒத்துப்போகும்.

"ரொம்ப மட்டமாப் போட்டுறாத, மெஷின் கண்டுபிடிச்சிரும். பாதித் தூக்கத்துல இருக்கற மாதிரி செய், போதும்," என்று மகனுக்கு வண்டியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் டேல்தான். அப்போது அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தான். மகனும் சிரித்துக்கொண்டே சரி என்றான். மனுஷனுக்குக் கேடுகாலம் வரும்போது சிரிப்போடுதான் வருகிறது.

அப்படியென்றால் திங்கட்கிழமை தேறியதற்கு என்ன அர்த்தம்? டேல் மகனிடம் கேட்கவில்லை. ஆகஸ்டைவிட நன்றாகச் செய்தால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, பையன் இந்த முறையும் வேண்டுமென்றே மந்தமாக நடித்திருப்பான். தலை சரியாகத்தான் இருக்கும். இப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மைலோ பால் டப்பாவைக் கொண்டுபோய்ப் பாத்திர அலமாரியில் வைத்தபோது, வயசுப் பையன், ஏதோ நினைப்பு என்று டேல் தனக்குள் சொல்லிக்கொண்டான். சாப்பாட்டு மேசையில் விளக்கைக் குறைக்கச் சொன்னபோது, பையனுக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான். மனைவி ஷெரி பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டதற்கு, "அதான் டெஸ்ட்ல பாஸாயிட்டானே, இன்னும் என்னடி?" என்று வாயை அடைத்தான். அவள் வாயை அடைத்தது சரி. தன் மனசை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கடையில் அன்றைக்குப் பேச்சு, யார் அதிகம் அடி வாங்கினார் என்பதில் வந்து நின்றது. தபால் இலாகாவில் வேலை பார்க்கும் லமார் டிப்ஸ், பிரேடியின் ஏழு மோதிரத்தைத் தூக்கி நடுவில் போட்டான். அவரைத் தொட்டாலே தப்பாட்டம் என்று நடுவர் கொடியை வீசிவிடுவார், அவர் எங்கே அடி வாங்கினார் என்று வால்ட் எகிறினார். யூனிட்டஸ் மூக்குடைந்து ரத்தம் கொட்டும்போது சேற்றை அள்ளி அடைத்துக்கொண்டு ஆடினாராம். அந்தக் கதையை வால்ட் சொல்லாத வியாழக்கிழமை கிடையாது. சேறு வாராவாரம் கூடிக்கொண்டே போகுது, அடுத்த வாரம் லாரியில் வரும் என்றான் லமார். மொன்டானா ஆபரேஷன் முடிந்து எழுந்து வந்து ஆடியதைக் கஸ் சொன்னார். ஒருவர் விலா எலும்பைச் சொல்ல, இன்னொருவர் முழங்காலைச் சொல்ல, அது குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிய பேச்சா, கசாப்புக் கடைப் பேச்சா என்று சந்தேகம் வந்துவிடும்.

கடைசியில் வால்ட் கைத்தடியால் நாற்காலியைக் காட்டினார். "எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? இந்தா உக்காந்திருக்கான். அன்னிக்கு விழுந்த விழுகைக்கு வேற எவனா இருந்தாலும் ஸ்ட்ரெச்சர்லதான் போயிருப்பான். இவன் எந்திரிச்சான் பாரு. அதுதான்யா குவார்ட்டர்பேக்." எல்லாரும் டேலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எந்த அப்பனுக்கும் நெஞ்சு நிமிர வேண்டிய நேரம். அவன் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஸ் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தார். "போதும், நாற்காலி பேசட்டும். சொல்லு மைலோ, யாரு பெரிய ஆளு?"

மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைலோ ஏறியதிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கஸ் இரண்டாம் தடவையும் கேட்க வேண்டியிருந்தது.

"ஆண்ட்ரூ லக்," என்றான்.

கடையே சிரித்தது. இண்டியானாபொலிஸ் அணியில் ஆடிய லக்குக்கு மோதிரம் கிடையாது. அடிமேல் அடிபட்டு, வலி, சிகிச்சை, மறுபடி வலி என்று சலித்துப்போய், இருபத்தொன்பது வயதில், சீசன் தொடங்கப்போகிற நேரத்தில், போதும் என்று விலகியவர். அந்தச் செய்தி கசிந்த அன்று அவர் மைதானத்தை விட்டுப் போகும்போது சொந்த ஊர் ரசிகர்களே ஊளையிட்டார்கள். எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்ற பேச்சில் அவர் பெயரை இந்தக் கடையில் யாரும் எடுத்ததே கிடையாது.

"அன்னிக்கு வாங்கின அடி இவனுக்கு இன்னும் தெளியல போல," என்றார் வால்ட். மறுபடி சிரிப்பு.

மைலோ சிரிக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. "விழுந்து எந்திரிச்சவங்களப் பத்தியே பேசுறீங்க, வால்ட். எந்திரிச்சா எல்லாரும் கை தட்டுறாங்க, அப்புறம் எப்படி எந்திரிக்காம இருக்கறது? அவரு மட்டுந்தான், என்னால முடியலன்னு வாயால சொன்னாரு. அத்தனை பேரு கத்தியும் சொன்னாரு." முகத்தை விளக்கிலிருந்து திருப்பிக்கொண்டான். "எனக்கு அப்படிச் சொல்ல வரமாட்டேங்குது."

சிரிப்பு நின்றது. என்னவோ சரியில்லை என்று அவர்களுக்குப் பட்டது, இன்னதென்று புரியவில்லை. டேலுக்குப் புரிந்தது. பதினேழு வயசுப் பையன் வீட்டில் அப்பனிடம் சொல்ல முடியாததை, ஊர் முன்னால் இன்னொருவர் பெயரை வைத்துச் சொல்கிறான். அவமானத்தில் டேலுக்குக் காது சுட்டது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. எழுந்து நின்றான்.

"நாளைக்கு மைலோ ஆடல," என்றான்.

வால்ட் வாயைத் திறப்பதற்குள் டேல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆகஸ்ட் பரிட்சை, வண்டியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது, ரெனே ஸ்டோக்ஸிடம் மறைத்தது, பால் டப்பா, விளக்கு, எதையும் விடவில்லை. கஸ்ஸின் கத்தரி காற்றில் நின்றது. லமார் எழுந்துபோய்க் குழல்விளக்கை அணைத்தான்; அதை வேறு யாருக்கும் செய்யத் தோன்றவில்லை. வால்ட்டுக்குத்தான் ஆறவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஊருக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது, அதையும் நீயே கெடுக்கிறாயா என்று பொருமினார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. டேல் மூன்று நாளாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அதே கயிற்றை அவரும் பிடித்துவிட்டார்.

"இருப்பா, இரு. ஆகஸ்ட்ல வேணும்னே மெதுவாச் செஞ்சான். திங்கக்கிழமையும் அதே மார்க்குதானே வந்திருக்கு? அப்ப திங்கக்கிழமையும் நடிச்சிருக்கான். தலை நல்லாத்தானே இருக்கு?"

கஸ் குனிந்து பையன் முகத்துக்கு நேராக வந்தார். ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக அந்த இருட்டுக் கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள். டேல் மனசுக்குள் கெஞ்சினான். சொல்லுடா, நடிச்சேன்னு சொல்லு, என்னைப் போலவே நீயும் பொய்யன்னு சொல்லு.

"அப்படியாப்பா மைலோ? திங்கக்கிழமையும் வேணும்னேதான் மெதுவா அழுத்தினியா?"

"இல்ல, மிஸ்டர் பலெர்மோ." மைலோ அப்போதுதான் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். "திங்கக்கிழமை நான் நடிக்கலப்பா. எனக்குப் பயமா இருந்துச்சு. தலை சரியாயிடுச்சான்னு எனக்கே தெரியணும்னு, என்னால முடிஞ்ச மட்டும் நல்லாச் செஞ்சேன். அப்படியும் ஆகஸ்ட்ல நடிச்சப்ப வந்த அதே மார்க்குதான் வந்துச்சு."