சூர்யகலா: பதினோரு காட்சி, வசனம் இல்லை

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்தது எழுத்தாசையால் அல்ல. வேறொருத்தி எழுதிவிடக் கூடாது என்பதால். அந்த வேறொருத்தி என் தம்பி மகள் பவதாரணி. சென்னையில் இணையத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறாள். பங்குனியில் போடிக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் வைத்துச் சொன்னாள்:

“பெரியப்பா, சூர்யகலா அத்தை ஓடிப்போனத எழுதப்போறேன். கம்பெனில சரின்னுட்டாக.”

சூர்யகலா என் தங்கை. நாற்பது ஆண்டுகளுக்கு முன், மலையில் ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பு ஓட்டுநர் யோகராஜைக் கட்டிக்கொண்டு பூப்பாறைப் பக்கம் போனாள். அதன்பின் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதிலும் அவள் பெயர் அச்சாகவில்லை. அச்சுக்குப் போகுமுன் பத்திரிகையைத் திருத்திக் கொடுப்பவன் நான்தான்.

“நம்ம வீட்டுக் கதைய நானே எழுதித் தர்றேன். அதத்தான் நீ குடுக்கணும்” என்றேன்.

“எழுதுங்க. ஆனா நோட்டுல எழுதிக் குடுத்தா வாங்க மாட்டாக. சாப்ட்வேர்ல வேணும்.” மூன்று மென்பொருள்களின் பெயரை என் செல்லுக்கு அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே மதுரை ரயிலேறினாள்.

2

தொழிலாக எழுதுகிறவருக்கு எந்த மென்பொருள், பொழுதுபோக்காக எழுதுகிறவருக்கு எது என்று இணையத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. காவலுக்கு எழுதுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு எது உகந்தது என்று யாரும் சொல்லவில்லை.*

முதலாவதில் தமிழ் நிற்கவில்லை. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். இரண்டாவது, எழுதுவதை யாருடைய கணினியிலோ கொண்டுபோய் வைத்துக்கொள்ளுமாம். போதாததற்கு, நாம் அழித்த வரிகளையும் தேதி போட்டுக் காப்பாற்றியது. வீட்டு விஷயம் வீட்டில் இருக்க வேண்டும். அழித்தது அழிந்ததாக இருக்க வேண்டும். மூன்றாவது என் கணினியோடு அடங்கியது. அழித்தால் அழிந்தது. பதினைந்து நாள் சோதனைக்கு இலவசம். அதையே எடுத்தேன்.

* ஏலக்காய் என்றால் நாலு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன். இதை எதில் வைத்து உருட்டுவது?

3

தொடக்கங்கள்:

போடிமெட்டின் வளைவுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு [விட்டுவிட்டேன். ஊரைப் பார்க்காதவன் எழுதுகிற வரி.]

மானமுள்ள குடும்பம் ஒன்றில் [இதைப் பிறர் சொல்ல வேண்டும்.]

உள். ஏலக்காய் ஸ்டோர். பகல். [இது நின்றது. காட்சி உள்ளேயா வெளியேயா, எங்கே, எப்போது என்று திரைக்கதையில் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம். காய் உலர்த்தும் கட்டிடத்தை இங்கே ஸ்டோர் என்போம்.]

பத்தாம் நாள் முடித்தேன். தங்கை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாள். அண்ணன் தலைகுனிந்த குடும்பத்தை நிமிர்த்துகிறான். நாற்பது ஆண்டுகளாக ஊர் அறிந்த கதை இதுதான். ஊருக்குச் சொன்னவன் நான்.

4

அந்த மென்பொருளில் ‘அறிக்கை’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. யாருக்கு எத்தனை காட்சி, எத்தனை வசனம் என்று எண்ணிக் காட்டும். அழுத்தினேன்.

அண்ணன்: 19 காட்சி, 143 வசனம்.
அப்பா: 8 காட்சி, 31 வசனம்.
ஜீப்பு ஓட்டுநர்: 4 காட்சி, 6 வசனம்.
சூர்யகலா: 11 காட்சி, 0 வசனம்.

கதையையும் இந்தக் கணக்கையும் பவதாரணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“விட்டா ஜீப்புக்கே வசனம் எழுதியிருப்பீக போல. அத்தை ஒண்ணுமே பேசலயா?”

“சொல்லாமப் போனவளுக்கு என்ன வசனம்?”

“ஒரு பக்கம்னா படத்துல ஒரு நிமிசம், பெரியப்பா. பேசாதவுகளுக்குப் பக்கமும் கெடைக்காது, நிமிசமும் கெடைக்காது. சரி, ஸ்டோர்ல அண்ணன் காய் சலிக்கிறான், தங்கச்சி வாசல்ல வந்து நிக்கிறான்னு எழுதியிருக்கீகளே. அவ எதுக்கு வந்தா?”

வேறு சோலி இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தக் காட்சி கதைக்குத் தேவையே இல்லை. அழிக்கும் வசதிக்காகவே தேர்ந்தெடுத்த மென்பொருள். ஆனாலும் முதல் நாள் எழுதிய அதை நான் அழிக்கவில்லை. ஏன் என்று

5

[மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கதையைச் சற்று ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன்.]

எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் நேரே எதுவும் கேட்க மாட்டோம். மூத்த மகன் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழக்கப்படி சூர்யகலா ஸ்டோருக்கு என்னிடம் வந்தாள். யோகராஜைக் கட்டிக்கொள்வதாக அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். மூன்று நாள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அப்பாவிடம் போகவே இல்லை. நான்காம் நாள் அவள் போய்விட்டாள்.

“ஒங்கிட்டயாவது சொன்னாளாடா?” என்று அப்பா கேட்டார். “இல்லப்பா” என்றேன். அதை நம்பியே செத்தார்.

6

அவள் கேட்டதை வசனமாக்கப் பார்த்தேன்.

“அண்ணா, நான் அவரை விரும்புகிறேன்.” [அவள் இப்படிப் பேசுகிறவள் அல்ல.]

“அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க.” [அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.]

வேறு வழியில்லாமல், தம்பியிடம் எண் வாங்கி அவளையே கூப்பிட்டேன்.

“ஆரு?”

“கன்னையன்.”

“எந்தக் கன்னையன்?”

தெரிந்தேதான் கேட்டாள். பொறுத்துக்கொண்டேன். “அன்னைக்கு ஸ்டோர் வாசல்ல நின்னு என்ன சொன்ன? சல்லடச் சத்தத்துல எனக்குச் சரியா”

“நான் வாயத் தொறக்கவும் சல்லடைய நிப்பாட்டிட்டீகளே, அண்ணே.”

உண்மைதான். நிறுத்தினேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. அவள் சொல்லி முடித்த பிறகே மறுபடி ஆட்டத் தொடங்கினேன்.

“நாளைக்கு அங்க வரவா?” என்றேன்.

“ரோடு இத்தன வருசமா அங்கனதான கெடக்கு.”

7

முடிவை வாசகரிடம் விடுவது இவ்வகைக் கதைகளில் வழக்கம் என்கிறார்கள். நீங்கள் இரக்கப்பட்டு அவள் வாயில் நல்ல வசனம் எதையாவது வைத்துவிடுவீர்கள். வேண்டாம். அவளுக்காக நான் பேசியது போதும்.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: என் தங்கை ஓடிப்போகவில்லை. முறைப்படி கேட்டாள், காத்திருந்தாள், பிறகு போனாள். இல்லை என்று பொய் சொன்னவன் நான்.

அண்ணனுக்கு நூற்று நாற்பத்து நான்காவதாக ஒரு வசனம் சேர்த்திருக்கிறேன்: “அப்பா, சூர்யகலா எங்கிட்டக் கேட்டா.” ஸ்டோர் காட்சியையும் திருத்திவிட்டேன். சோதனைக் காலம் நாளையோடு முடிகிறது; பிறகு புதிதாக எதையும் அதில் எழுத முடியாது. காலை முதல் பஸ்சில் கணினியோடு பூப்பாறைக்குப் போகிறேன். இந்த இடத்தில் திறந்து அவள் முன்னால் வைப்பேன்:

உள். ஏலக்காய் ஸ்டோர். பகல்.

அண்ணன் சல்லடையை நிறுத்துகிறான்.

சூர்யகலா: