ஐநூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

நெருப்பைக் கண்டுபிடித்த மனித குலம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்ற கேள்விக்கு, கயத்தாறு போகும் சாலையில் இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீசில் விடை கிடைத்துவிட்டதாக வாசல் பிளக்ஸ் அறிவித்தது. ‘சுடர் 360: ஒரு வரி கோடிங்கூட எழுதாமல் உருவான வருகைப் பதிவு ஆப்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சின்ன முதலாளி மணிகண்டபிரபு மார்புக்குக் குறுக்கே கை கட்டி நின்றார். இடுப்பு வரைதான் தெரிந்தார். ஆடிக் காற்றில் கிழிந்த கீழ்ப்பாதியை, கதவில்லாத பெண்கள் கழிப்பறைக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள்.

காலை ஆறே முக்கால். வேன்களிலிருந்து இறங்கிய பெண்கள் வரிசையில் நின்று, கழுத்தில் தொங்கும் அட்டையை சூப்பர்வைசர் சோலைராஜின் போனுக்குக் காட்டினார்கள். டிங் என்று சத்தம் வந்தால் உள்ளே போகலாம். பத்திரகாளியின் அட்டைக்கு போன் வாய் திறக்கவில்லை.

“ஏட்டி பத்திரகாளி, நீ இல்லைங்குது.”

“பெறகு யார்ட்ட அண்ணாச்சி பேசுதீங்க?”

“நான் சொல்லல, ஆப் சொல்லுது. முந்தாநாளும் நேத்தும் நீ ஆப்சென்ட்.”

“நேத்து நான் அடைச்ச பெட்டிய நீங்கதான எண்ணி வாங்குனீய.”

சோலைராஜ் குரலைத் தணித்தார். “மூணு நாள் சேர்ந்தாப்புல ஆப்சென்ட்னா அது தானா பேர எடுத்துரும். வேன் உங்க ஊருக்குத் திரும்பாது. எங்கையில ஒண்ணுமில்ல தாயி. இன்னைக்கு உள்ள போ.”

பத்தொன்பது வருடமாக அவள் அங்கே குச்சி அடைக்கிறாள். போன மாதம் வரை ஆப்பில் முதல் ஷெட்டின் நாற்பது பேர் மட்டும் இருந்தார்கள். அப்போது அது அழகாக வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் பெரிய முதலாளி மற்ற மூன்று ஷெட்டுகளையும் ஏற்றச் சொன்னார். பெயர் பதிந்த நாளில் பத்திரகாளியும் எழுந்து போனாள். “கை வேகமா ஓடுதவ நீ. கடைசியில எழுதிக்கிடலாம்” என்று சோலைராஜ்தான் அவளை மேசையில் உட்கார வைத்தார். வேகமாக அடைப்பவர்கள் எல்லோரும் அப்படியே கடைசியில் எழுதிக்கொண்டார்கள். முந்தாநாள் முதல்தான் அந்த ஷெட்டுகளிலும் அட்டை காட்டுகிறார்கள்.

கை குச்சியை அள்ளிப் பெட்டியில் தள்ள, அவள் எதிரிலிருந்த ஜரினாவைப் பார்த்தாள்.

“ஒன்னயப் பாத்தா டிங்குங்குது. என்னயப் பாத்தா ஏன் ஊமையாயிருது?”

“எம் மொகத்துக்கு பயந்திருக்கும்” என்றாள் ஜரினா.

“ஒன் அட்டையில என்ன நம்பர் போட்டிருக்கு?”

“நானூத்தி எம்பத்தேழு. என்னத்துக்கு?”

“சும்மா கேக்குதேன்.”

பத்திரகாளியின் அட்டை ஐநூற்றுப் பன்னிரண்டு. சாப்பாட்டு நேரத்தில் ஒரு லேபிள் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு அவள் ஷெட் ஷெட்டாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். ஐநூறாம் அட்டை சுகுணாவுடையது: டிங். ஐநூற்றொன்று: ஊமை. அங்கிருந்து கடைசி அட்டையான ஐநூற்று இருபத்து நாலு வரை எல்லாம் ஊமை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் அட்டை யாரிடம் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. தேடியதில், முதல் ஷெட்டைக் கூட்டுகிறவளின் கழுத்தில் முப்பத்தொன்று தொங்கியது. அதற்குக் கீழே ஒரு அட்டையும் இல்லை.

“அப்போ முப்பது பேரு எங்கன போனாவ?” என்றாள் ஜரினா, சோற்றை மறந்து.

டீ நேரத்தில் பத்திரகாளி சின்ன முதலாளியின் ஏசி அறைக் கதவைத் தட்டினாள். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“இது ஆளு கூடும்போது வர்ற ஸ்கேலிங் பிரச்சனைக்கா. பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் வரும்” என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“ஐநூறுக்கு மேல எண்ணத் தெரியாதா சார் அதுக்கு?”

“எண்ணத் தெரியும். எடுக்காது. முதல் ஐநூறு வரிதான் எடுக்கும். மேல வேணும்னா மாசாமாசம் பணம் கட்டணும். இல்லன்னா ஆள் வச்சு முதல்லருந்து கோடிங் எழுதிச் செய்யணும்.”

“பணத்தக் கட்டிற வேண்டியதுதான சார்.”

“அப்பாகிட்ட இலவசம்னு சொல்லிட்டேன்க்கா.”

அவள் எட்டி லேப்டாப்பைப் பார்த்தாள். திரையின் உச்சியில் டெஸ்ட் 1, டெஸ்ட் 2 என்று பெயர்கள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பச்சைப் புள்ளி.

“இவிய எந்த ஷெட்டு?”

மணிகண்டபிரபு திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினார். “அது ஆளில்லக்கா. செய்யும்போது சரிபார்க்கப் போட்டது. தினமும் தானா வருகை விழுந்துரும்.”

“அவியள எடுத்துட்டா நாங்க இருவத்தினாலு பேரும் உள்ள வந்துருவோம்லா?”

அவர் அதையும் செய்து பார்த்தவர்தான். முந்தின நாள் டெஸ்ட் ஒன்றை நீக்கிப் பார்த்திருந்தார். ஆபீசே பத்து நிமிடம் ஆப்சென்ட் ஆகிவிட்டது. பதறித் திரும்பப் போட்ட பிறகுதான் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள்.

“எத இழுத்து எதுல மாட்டினேன்னு எனக்கே ஞாபகமில்லக்கா” என்றார்.

“அதுவரைக்கும் நோட்டுல எழுதிக்கிடச் சொல்லுங்க சார். பழைய நோட்டு அண்ணாச்சி மேசையிலதான் கெடக்கு.”

“சனிக்கிழமை தீப்பெட்டி முதலாளிகள் சங்கத்துக்காரங்கல்லாம் இத பாக்க வர்றாங்க. நோட்டு கண்ணுல பட்டா நல்லாருக்காது. ஆப்புல இல்லாத ஆளு உள்ள இருந்தாலும் நல்லாருக்காது. அது முடியட்டும். ஏதாவது செய்வோம்.”

மறுநாள் வேன் அவள் ஊருக்குத் திரும்பவில்லை. டவுன் பஸ் பிடித்து, சாலை பிரியும் விலக்கில் இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் குறுக்கே நடந்து வந்தாள். வாசலில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். உள்ளே மேசையிலிருந்து ஜரினா எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எதிரே பலகை காலியாக இருந்தது.

“பேரு போயிருச்சு தாயி” என்றார் சோலைராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல். “சனிக்கிழமை கழிச்சு வந்து பாரு.”

“சரி. மத்தவுக எல்லாரும் வந்துட்டாவளா?”

“எங்க வந்தாவ? கயத்தாறுல கல்யாணம்னு முப்பத்தெட்டு பேரு வரல.”

“அந்த மொதல் முப்பது பேரு?”

சோலைராஜ் கட்டை விரலால் பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தார். டெஸ்ட் ஒன்று முதல் டெஸ்ட் முப்பது வரை எல்லோரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.