அட்டைக்குள் இருந்த வாத்து

இத்தாலியின் பதுவை நகரில் புத்தகம் கட்டுகிறவர்கள் புதுத்தாளில் அட்டை செய்வதில்லை. வேண்டாத தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கல்லை ஏற்றிக் காயவைத்தால் அதுதான் அட்டை. மேலே தோல் போர்த்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று ஒட்டியவளுக்கு மட்டுமே தெரியும்.

லத்தான்சியோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்தவர். ஒரு வாத்து வளர்த்தார்; சாப்பாட்டு மேசையில் அதற்கும் ஒரு தட்டு உண்டு. ஆறு ஆண்டுகள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். முடிவில் அவர் கண்டது ஒன்றுதான்: வாத்தின் உயிரும் மனிதனின் உயிரும் ஒரே சரக்கு, இரண்டும் உடம்போடு அணைந்துவிடும். ஊர் சிரித்தது. மதத்துக்கு மாறாகப் பேசுகிறவர்களைத் தண்டிக்கும் விசாரணைச் சபை சிரிக்கவில்லை.

சபையின் ஆட்கள் அவர் வீட்டைச் சோதிப்பதற்கு முந்திய நாள், எழுதிய தாள்கட்டோடு லத்தான்சியோ என் பட்டறைக்கு வந்தார்.

"எரிச்சிடுங்க, ஓர்சோலா. என்னால முடியல. ரெண்டு தடவ அடுப்புகிட்ட போயிட்டுத் திரும்பிட்டேன்."

"வாத்துக்குப் போட்டிருந்தா அதுவே தின்னிருக்குமே."

"போட்டேன். மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கு என் எழுத்து பிடிக்காது."

எனக்கும் எரிக்கக் கை வரவில்லை. துறவிகள் மடத்தின் பெரிய பூசைப் புத்தகம் அப்போது அட்டைக்காகக் காத்திருந்தது. அதைவிடப் பத்திரமான இடம் ஊரில் ஏது? அவர் தாள்களையே ஒட்டி அதற்கு அட்டை செய்துவிட்டு, எரித்தாயிற்று என்று அவரிடம் சொன்னேன். வழக்கமாக மாவுப்பசையில் மாசிப்பத்திரிக் கசாயம் கலப்போம். அந்தக் கசப்புக்கு எலி வாய் வைக்காது. அன்றைய அவசரத்தில் கலக்கவில்லை.

பிறகு அவர் கோயிலில் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு, எழுதியதில் ஒரு தாளும் உலகத்தில் இல்லை என்று சத்தியம் செய்தார். சத்தியத்துக்கு அவர் முன் நீட்டிய புத்தகத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவர் கை வைத்தது தன்னுடைய தாள்களின் மேலேயே. அவருக்குத் தெரியாது. ஒரு தாள் அகப்பட்டாலும் பொய்ச்சத்தியம். அதற்குத் தண்டனை தீ.

மூன்று குளிர்காலம் கடந்தது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழையில் நனைந்து வந்த பெனிஞ்ஞோ என்ற மடத்துத் துறவி அந்தப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். மூலையில் தோல் கிழிந்து, அட்டை உள்ளங்கை அகலத்துக்கு அரிக்கப்பட்டிருந்தது.

"உன் பசை ருசியா இருக்கும்போலம்மா. எங்க சமையக்காரன் கஞ்சிய எலி தொடுறதே இல்ல."

கிழிசலில் மை தெரிந்தது. ஒரு வாத்தின் கழுத்து, பாதி. லத்தான்சியோ தாள் ஓரங்களில் வரைவது வழக்கம்.

"வெச்சிட்டுப் போங்க, சாமி. மாத்தித் தரேன்."

"மழை விடட்டும். உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தார். தோலை உரித்தேன், அட்டையை அறுத்தெடுத்தேன். கணப்புச் சட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. அட்டையை அதில் போட எடுத்தேன்.

"அத ஏம்மா வீணாக்குற? இங்க குடு. மடத்து அடுப்புக்கு ஆகும்."

"பழைய பசை, சாமி. புகையும்."

"புகையட்டும். சமையக்காரன் கொஞ்சம் அழட்டுமே."

கொடுத்தேன். மறுத்தால் ஏன் என்று கேட்டிருப்பார். எலி அரித்த மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். துடைத்தாரா, படித்தாரா, தெரியவில்லை. புது அட்டை காயட்டும், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். பழைய அட்டையை நனையாமல் அங்கிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அடுப்புக்குப் போகிற தாளும் நனையக் கூடாது. படிக்கப்போகிற தாளும் நனையக் கூடாது.

லத்தான்சியோவிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதவரை அவர் செய்த சத்தியம் பொய்யில்லை. நேற்று வாத்தை நடத்திக்கொண்டு தெருவில் போனார். என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார்.

இன்று வெள்ளி. பூசைப் புத்தகம் மேசைமேல் காய்ந்து கிடக்கிறது. தெருமுனையில் காலடி கேட்கும்போதெல்லாம் எத்தனை பேர் என்று கவனிக்கிறேன். சபையின் ஆட்கள் இல்லாமல் பெனிஞ்ஞோ தனியாக வந்தால் அட்டை அடுப்புக்குப் போயிருக்கிறது.