தாடையில் ஒரு முடிச்சு

கறிக்கடைக்காரி கடையைப் பாதியில் சாத்திவிட்டு, ரத்தம் தெறித்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டாள். இன்று யாரையாவது ஒரு கை பார்க்காமல் அவளுக்கு ஆறாது.

தங்கை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். புருஷன் விட்ட குத்தில் தாடை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குப் பேச்சு கிடையாது. அக்காதான் தன் வீட்டிலிருந்து ஒரு கனத்த இரும்புக் கரண்டியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்திருந்தாள். கட்டில் கம்பியில் ஒருமுறை தட்டினால் ஆமாம், இருமுறை தட்டினால் இல்லை.

காலையில் அக்கா கேட்டாள்: "மத்தியானம் உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றானாம். போவியாடி?"

ஒரே ஒரு தட்டு.

தங்கையின் போனில் ஒரு மேடைக் கவிஞர் பேசிக்கொண்டிருந்தாள். ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் குரல்.

"அடித்த கையை முத்தமிடு, பெண்ணே,
அது அடிக்க மறந்துவிடும்."

போன வருஷம் இரண்டு பல் போனபோதும் இதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த மக்கு திரும்பிப் போனாள்.

கறிக்கடைக்காரி போய்ச் சேர்ந்த அரங்கத்தில், அந்தக் கவிஞரின் அதே வரிக்குக் கூட்டம் கூரை பிய்கிற மாதிரி கைதட்டியது. நிகழ்ச்சி முடிந்ததும் அவள் மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள். கவிஞர் கண்ணாடி முன் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க நீங்க?" என்று திரும்பினாள்.

"உன் பேச்சைக் கேட்டுத் தாடை உடைஞ்சவளோட அக்கா."

ஒரே எட்டு. மாட்டுத் தொடையைப் பிளக்கும் கை அது. கவிஞரின் வாயைச் சேர்த்து இறுக்கி, பின்மண்டையைக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி விரிசல் விட்டது.

"இப்ப சொல்லு உன் கவிதையை! சத்தமா சொல்லு! என் தங்கச்சி ஆறு வாரம் இப்படித்தான்டி இருக்கப்போறா!"

கவிஞர் நகத்தால் அவள் மணிக்கட்டைக் கிழித்தாள். ரத்தம் இருவர் மேலும் வழிந்தது. மூக்கு வழியாக ஏதோ முனகல் வந்தது. கறிக்கடைக்காரி இன்னும் இறுக்கினாள். உடைந்தால் உடையட்டும் என்றுதான் இறுக்கினாள்.

வெட்டுவதற்கு முன் எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவள் பழக்கம். பழைய முறிவு கூடிய இடம் முடிச்சாக இருக்கும், அங்கே போட்டால் கத்தி வாய் மழுங்கிவிடும். இப்போதும் விரல் தன்னால் தடவியது. காதுக்குக் கீழே கோணலாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. கை தளர்ந்தது.

"இது யாரு செஞ்சது?"

"வீட்டுக்காரர்," என்றாள் கவிஞர், இருமிக்கொண்டே.

"முத்தம் குடுத்தியா?"

"இல்ல. கொதிக்கிற தண்ணியை மூஞ்சியில ஊத்திட்டு ஓடிவந்துட்டேன்."

"அதை ஏன்டி மேடையில சொல்லல?"

"ஒருதடவை சொன்னேன். அப்புறம் யாரும் கூப்பிடல. மன்னிப்பைப் பத்திச் சொன்னேன், எழுந்து நின்னு கைதட்டினாங்க."

கறிக்கடைக்காரிக்கு அவளை ஓர் அறை விடவும் தோன்றியது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் தங்கைக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, கவிஞரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவகிட்ட சொல்லு."

"நான்தான்மா பேசறேன். குரல் தெரியுதா?"

ஒரு தட்டு.

"நான் முத்தம் குடுக்கலம்மா. சுடுதண்ணி ஊத்திட்டு ஓடிட்டேன். நான் மேடையில சொல்றது பொய். போகாத."

அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் உறுமியது. "யாருடி போன்ல? எழுந்திரு, கிளம்பு!" கட்டில் இழுபடும் சத்தம். வந்துவிட்டான்.

"போறியாடி?" என்று அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

கரண்டி கம்பியில் விழுந்தது. ஒன்று. அக்காவின் உயிர் போய்விட்டது.

இரண்டு.

மூன்றாவதும் கேட்டது. கூடவே அவன் அலறலும். அது இரும்பில் பட்ட சத்தம் இல்லை. எலும்பின் சத்தம் கறிக்கடைக்காரிக்குத் தெரியாதா என்ன.