அவனும் அவுகளும்

தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் பாண்டித்துரை பதினைந்து வருடமாகத் தேர்தல் வைக்கவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், “அவன் என்ன ராசாவா?” என்று கேட்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மறுநாளே குரங்கணி சாலையில் தலைவரின் ஆட்கள் அவர் வலது கையை ஒடித்தார்கள்.

தலைவரே ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எனக்கு நிழலில் காய் பிரிக்கும் வேலையும் கொடுத்தார். வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்றுக் கூட்டத்தில், தலைவரே நீடிக்கட்டும் என்று முதலில் உயர்ந்தது அந்த மாவுக்கட்டுக் கைதான்.

“ஒடிச்சவனுக்கா கையத் தூக்குனீக?”

“அவுகளுக்குத் தெரியாம நடந்துபோச்சு, ராக்கு.”

இன்று வேலையிடத்தில், கூடக் காய் பிரிக்கும் கற்பகம் கேட்டாள். “அண்ணே எப்படி இருக்காக?”

இருபது வருடத்தில் முதல்முறையாக வீட்டுக்காரரை அப்படிச் சொன்னேன். “அவனுக்கென்ன, நல்லாத்தான் இருக்கான்.”