பாறைமேல் மடித்து வைத்த சட்டை

மூன்று சனிக்கிழமைகள் சாக்குச் சொல்லித் தப்பித்தாகிவிட்டது. முதல் வாரம் தலைவலி. அடுத்த வாரம் அக்கா வருகிறாள். அதற்கடுத்த வாரம், வெத்ரானாவுக்கே நம்பிக்கையில்லாத ஒரு வயிற்றுவலி. அதற்கும் அடுத்த சனிக்கிழமை ரான்கோ ஒன்றும் கேட்கவில்லை. காரைக் கிளப்பி வாசலில் நிறுத்திவிட்டு, பின் சீட்டில் இரண்டு துண்டுகளை வைத்தான். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இருவருக்கும் இரண்டாம் கல்யாணம். ஆகி ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அவளுடைய முதல் புருஷன் உப்புக் குறைந்தால் தட்டை வீசுகிறவன். ரான்கோ குரலை உயர்த்தியே அவள் கேட்டதில்லை. எதையும் பெரிசு பண்ணாதவன் என்று ஊரில் பெயர். அதற்காகவே தன் ஊரான கார்லோவாட்ஸில் பல் மருத்துவரிடம் பார்த்த வேலையையும் விட்டுவிட்டு, ஐம்பது வயதில் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தாள். அவன் சின்ன வயதிலிருந்து போய்வரும் அம்மணக் கரைக்கு மட்டும் அவளால் மனசை ஒப்புக்கொடுக்க முடியவில்லை.

பைன் மரங்களுக்கு அடியில் காரை நிறுத்தினார்கள். அன்றைக்குக் காற்றே சரியில்லை. தெற்கிலிருந்து வரும் பிசுபிசுப்பான வெக்கை, வானமெங்கும் அழுக்கு வெள்ளை, கீழே எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாத கடல். இறங்கும் பாதையில், ஒரு பாறையில் யாரோ சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தார்கள், இதற்கு மேல் உடை வேண்டாம் என்று.

"துணியோட வந்தவங்க துணியோடயே திரும்பிப் போகக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா?" என்றாள் வெத்ரானா.

"சட்டமெல்லாம் இல்ல. லியெர்கா இருக்கா. அவ விடமாட்டா" என்று சிரித்தான் ரான்கோ. "நீ மெதுவா வா. அவசரமே இல்ல. நான் போய் எடம் பிடிக்கிறேன்."

அவன் போனபிறகு அவள் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றாள். சட்டையைக் கழற்றினாள், மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள். மரப்பிசின் தோளில் ஒட்டியது. கடைசியில் துண்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பு வழுக்க வழுக்கக் கீழே இறங்கினாள்.

சின்னக் கரைதான். கூழாங்கற்களும் சாய்ந்த பாறைகளும். இருபது இருபத்தைந்து பேர் அங்கங்கே கிடந்தார்கள். எதிரே, கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால், மொட்டைத் தலை மாதிரி ஒரு திட்டு கடலிலிருந்து எழும்பியிருந்தது.

வைக்கோல் தொப்பியும் வாயில் சிகரெட்டும் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாத ஒருத்தி இடுப்பில் கை வைத்து அவளை எதிர்கொண்டாள். அறுபது தாண்டிய உடம்பு, வெயிலில் காய்ந்து செம்பு நிறமாகியிருந்தது. அதுதான் லியெர்கா.

"அட, ரான்கோ பொண்டாட்டியா நீ? துண்டைச் சுத்திக்கிட்டு நிக்கிறதப் பாத்தா ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு வந்தவ மாதிரியில்ல இருக்கு!"

"கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றாள் வெத்ரானா.

"ஆகட்டும், ஆகட்டும். ஒண்ணு சொல்றேன் கேளும்மா. இங்க மூடிக்கிட்டு இருக்கிறவளத்தான் எல்லாரும் பாப்பாங்க. அவுத்துப் போட்டுட்டா ஒருத்தன் திரும்ப மாட்டான். மொதல்ல அதுவே கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

வெத்ரானா துண்டை விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் தலைகூட நிமிரவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து காற்றே படாத இடங்களிலெல்லாம் காற்று பட்டது. பிரசவத் தழும்பும், பனியன் போட்டு வெளுத்த முதுகும், தளர்ந்த வயிறும் எல்லாமும் வெளிச்சத்தில் கிடந்தன, யாருக்கும் அதைப்பற்றிக் கவலையில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரான்கோ அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

கண்ணை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. ஆட்களைப் பார்க்கக் கூச்சம். அதனால் அவர்களுடைய துணிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டுக்குப் பக்கத்திலும் ஒரு குவியல். எது யாருடையது என்று தனக்குள் ஊகித்துக்கொண்டாள். அந்தச் சுருட்டிய ஜீன்ஸ் குறுக்கெழுத்துக்காரருடையது. அந்தப் பூப்போட்ட கவுன் லியெர்காவுடையது, வேறு யார் அதைப் போடுவார்கள்? அப்படியே கண்ணயர்ந்து போனாள். தொப்பி முகத்தில் கவிழ்ந்திருந்தது.

விழித்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. கரையே தூங்கிக்கொண்டிருந்தது. ரான்கோ தக்காளி நறுக்கி, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் எடுத்து வைத்திருந்தான். சாப்பிடும்போதுதான் அந்தக் குவியல் அவள் கண்ணில் பட்டது.

அவர்களுக்குப் பின்னால், நாலு எட்டு தள்ளி, ஒரு தட்டைப் பாறைமேல் இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை, கடையில் வாங்கியதுபோல் மடித்து. அதற்கடியில் கால்சட்டை. பக்கத்தில் ஜோடியாகப் பழுப்பு நிறச் சப்பாத்து. துண்டு இல்லை. ஆள் இல்லை.

"இது யாரோடது?"

"யாராவது நீந்தப் போயிருப்பாங்க" என்றான் ரான்கோ. "ஆலிவ் எடுத்துக்கோ."

அவள் கடலைப் பார்த்தாள். தண்ணீரில் ஒரு தலைகூட இல்லை. திட்டின்மேல் கடற்காகங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தன. காற்று எழுந்திருந்தது; காலையில் எண்ணெயாய்க் கிடந்த கடல் இப்போது சின்னச் சின்னதாய்ச் சுருங்கி, திட்டின் அடியில் வெள்ளையாக உடைந்தது.

அவள் அதை விட்டுவிடப் பார்த்தாள். முடியவில்லை. பூச்சி கத்துவதுபோல் ஒரு மெல்லிய சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. மரத்துப் பூச்சிகள் எப்போதோ அடங்கிவிட்டன. இது பாறைப் பக்கமிருந்து வந்தது. எழுந்து போய்க் குனிந்தாள். சப்பாத்துக்குள், காலுறையின் மேல், கடலை அளவில் காது கேட்கும் கருவி இரண்டு கிடந்தன. அணைக்க மறந்த ஒன்று விசிலடித்துக்கொண்டிருந்தது.

அவள் லியெர்காவிடம் ஓடினாள். லியெர்கா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். பிறகு சிகரெட்டைக் கல்லில் தேய்த்து அணைத்தாள்.

"நீலக் கட்டம் போட்ட சட்டையா? அது செக் நாட்டுக்காரர், பொஹுமில். வருஷா வருஷம் வருவாரு. அந்தத் திட்டுக்கு நீந்திப் போய் உக்காருவாரு. போன வருஷம் வரைக்கும் ரெண்டு பேரா வந்தாங்க, அவரும் சம்சாரமும். இந்த வருஷம் தனியாத்தான்."

"திட்டுல யாரும் இல்லையே!"

லியெர்கா கடலைப் பார்க்கவில்லை. தன் கால் நகங்களைப் பார்த்தாள். "அம்மா, இங்க யாரும் யாரையும் பாக்கிறதில்ல, கேக்கிறதில்ல. அதுக்காகத்தான் இங்க வர்றதே. ஒரு மனுஷன் துணிய இவ்வளவு பதவிசா மடிச்சு வெச்சுட்டுப் போறாருன்னா... விடும்மா. அது அவரோட விஷயம்."

வெத்ரானாவுக்குச் சட்டென்று விளங்கியது. இந்தக் கிழவி இதை இப்போது நினைத்துச் சொல்லவில்லை. ரொம்ப நேரமாகவே நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அதற்குள் மேற்கே வானம் கறுத்தது. கரை விழித்துக்கொண்டது. ஒவ்வொருவராகத் துணியை மாட்டினார்கள், கூடையைத் தூக்கினார்கள், மேலே ஏறினார்கள். தட்டைப் பாறையைக் கடக்கும்போது எல்லாரும் கொஞ்சம் விலகி நடந்ததை அவள் கவனித்தாள். குவியல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் நீலச் சட்டையும், அவர்கள் இருவருடையதும், லியெர்காவின் பூப்போட்ட கவுனும்தான் மிச்சம்.

"ரான்கோ, போன் பண்ணணும்."

"இங்க சிக்னல் கெடையாது. போன்ல்லாம் கார்லதான் இருக்கு. மொதல்ல துணியப் போடு, நனைஞ்சுடப் போற."

"அந்த ஆளப் பாத்தியா நீ? காலைல நீதான் முன்னாடி எறங்கின."

அவன் துண்டை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தான். "பாத்தேன். தண்ணியில எறங்கிட்டிருந்தாரு. துணியக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னாரு. சரின்னேன்."

"காலைலயா? இவ்வளவு நேரமா தெரிஞ்சுக்கிட்டா இங்க உக்காந்திருந்த?"

"கத்தாத" என்றான் ரான்கோ மெதுவாக. "வருவாருன்னுதான் நெனச்சேன்."

அவள் அவன் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள். துண்டைத் தேடவில்லை. செருப்பைக்கூடப் போடவில்லை. பைன் ஊசிகள் காலில் குத்த, அப்படியே மேலே ஓடினாள். பின்னால் லியெர்கா ஏதோ கூப்பிட்டாள்.

கார் நின்ற இடத்தில் சைக்கிள் ஓட்டி வந்த ஒரு ஜோடி, மழைக்கு முன் கிளம்ப அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் பிறந்த மேனியாக மூச்சிரைக்க வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னைப் பாருங்க!" என்று கத்தினாள் வெத்ரானா. சாவி காரின் பூட்டில் இறங்கவில்லை. "பாருங்க! ஒருத்தர் கடல்ல மாட்டிக்கிட்டாரு. காது கேக்காதவரு. மீட்புக்குப் போன் போடுங்க!"

ஆள் எண்ணை அழுத்தினான். அந்தப் பெண் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி வெத்ரானாவின் தோளில் போட்டு முன்னால் பொத்தானை மாட்டிவிட்டாள். முதல் மழைத்துளிகள் கோலிக்குண்டு கனத்தில் விழுந்தன.

புயல் நாலாபுறமும் அடித்தது. மீட்புப் படகு துறைமுகத்திலிருந்து கிளம்பி, திட்டை இரண்டு தரம் சுற்றியது என்று பிற்பாடு சொன்னார்கள். திட்டின் மறுபக்கம், காற்று எழுந்ததும் தவழ்ந்துபோய்ச் சேர்ந்த, அலை ஏறாத ஒரு பிளவுக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு பொஹுமில் கிடந்தார். உயிர் இருந்தது.

துறைமுகத்தில் அவரைக் கம்பளியில் சுற்றி இறக்கியபோது வெத்ரானா அந்தச் சட்டையையும் சப்பாத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். லியெர்கா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போயிருந்தாள். பொஹுமில் எண்பதை நெருங்கியவர். உதடு நீலம், பாதம் திரும்பி வீங்கியிருந்தது. கருவியைக் காதில் செருகிக்கொண்டார். அவர் மொழியும் இவள் மொழியும் தூரத்து உறவு, புரிந்தது.

"சாகப் போகலம்மா" என்றார். யாரோ படகில் அதைக் கேட்டிருக்க வேண்டும். "நாங்க உக்கார்ற எடத்துல கொஞ்ச நேரம் உக்காரப் போனேன். பாறை வழுக்கிடுச்சு. கால் போச்சு. மத்தியானம் வரைக்கும் கத்தினேன். என் சத்தமே எனக்குக் கேக்காது, எவ்வளவு தூரம் போச்சோ. கரையில எல்லாரும் படுத்திருந்தாங்க. ஒருத்தர் மட்டும் எழுந்து நின்னு கையாட்டினாரு. பாத்துட்டாங்க, ஆள் வரும்னு நெனச்சேன். அவரு திரும்ப உக்காந்துட்டாரு."

"யாரு?"

"என் துணிக்குப் பக்கத்துல இருந்தவரு."

ரான்கோ குடையோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். முடி நனையாமல், சட்டைப் பொத்தான் ஒழுங்காகப் போட்டு. "பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றான்.

அவள் அவனைத் தனியே இழுத்துப் போனாள். "கையாட்டினியா?"

"அவரு ஆட்டினாரு, நானும் ஆட்டினேன்."

"எப்படி ஆட்டினாரு?"

அவனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை போலும். "ரெண்டு கையாலயும்."

"ரெண்டு கையாலயும்" என்றாள் அவளும்.

"நீ தூங்கிட்டிருந்த, வெத்ரானா. எத்தன வாரம் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருந்த. ஓடறது, கத்தறது, போலீஸ் வர்றது... உன்னோட மொத நாள் கெட்டுடும்னு தோணிச்சு." அவன் குரலில் பிரியம்தான் இருந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான், தன் தோள் நனைய நனைய. "எப்படியும் அவரே வந்துடுவாருன்னு இருந்தேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. இந்த மனுஷனோடு ஒரே அறையில் இருட்டில் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. நெஞ்சுவலி வந்து அவள் கையை நீட்டும் ஒரு நாளில், அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் கூட வர யாராவது உண்டா என்று கேட்டார்கள். பொஹுமிலுக்கு யாரும் இல்லை. வெத்ரானா மஞ்சள் மழைக்கோட்டோடும் வெறுங்காலோடும் ஏறி உட்கார்ந்தாள். "பின்னாலயே வர்றேன்" என்றான் ரான்கோ. மறுநாள் காலையில், அவளுக்கு மாற்றுத் துணியும் சூடான காப்பியும் எடுத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தான்.

பொஹுமிலின் மகன் பிராக் நகரத்திலிருந்து வரும்வரை அவள் இருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு பெட்டியில் தன் சாமான்களை அடுக்கினாள். ரான்கோ ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியைத் தானே தூக்கிவந்து பேருந்தில் ஏற்றிவிட்டு, வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக் கொடுத்தான்.

கார்லோவாட்ஸ் போகும் பேருந்தில் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்து உறங்கினார்கள். பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர், வாய் லேசாகத் திறந்தபடி. வெத்ரானா அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது ஏறி இறங்குவது கொஞ்சம் தாமதமானதும் எழுந்து, அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"என்னம்மா?" என்று திடுக்கிட்டு விழித்தார் அவர்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்ல, தூங்குங்க."

அவர் தூங்கவில்லை. ஊர் வரும்வரை அவளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.