பம்பரத்தின் தையல் மெஷின்

வெல்டரின் மனைவி இறந்த மறுவாரமே அவளுடைய தையல் மெஷின் வெயிலைத் தேடி வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தது. காலையில் கிழக்கு ஜன்னலடியில் நிற்கும், மதியம் சமையலறை வாசலில், சாயங்காலம் மேற்கு ஜன்னலில். வழியில் கிடந்த ஸ்டூலும் அலமாரியும் ஒதுங்கி வழிவிட்டன. தெருவில் யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. அவள் இருந்தபோதும் இதேதான் நடந்தது; என்ன, அப்போது அவள் தள்ளினாள்.

அவளைத் தெருவே பம்பரம் என்றுதான் கூப்பிட்டது. துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பது தொழில். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்க எந்த விளக்கும் லாயக்கில்லை, வெயில்தான் வேண்டும் என்பாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே மகளைத் திட்டுவாள், கொஞ்சுவாள். எது திட்டு, எது கொஞ்சல் என்று மகளுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று அழுத பிள்ளையின் கிழிந்த சட்டையை உடம்பிலிருந்து கழற்றாமலே தைத்து அனுப்பிய மகராசி. வெல்டருக்கோ வெளிச்சமே ஆகாது. ராத்திரி ஷிப்ட் முழுக்க நெருப்புப் பொறியைப் பார்த்த கண். வீடு வந்ததும் இருட்டு மூலையில் கட்டிலில் விழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்துதான் உக்காருங்களேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றே அவர் காலத்தை ஓட்டிவிட்டார்.

மெஷினின் இரும்புக் கால்கள் பகலெல்லாம் தரையில் இழுபட, அவருக்குத் தூக்கம் போனது. ராத்திரி வேலையில் கண் சொருகியது. வெல்டிங் வைத்த ஜாயின்ட் விட்டுக்கொண்டது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் பயந்துபோனாள்.

"யாருக்காவது குடுத்துடலாம்ப்பா. நீங்க தூங்கினாப் போதும்."

"அங்கேயும் நடக்குமே. அங்க யாரும்மா அவளுக்கு வழி விடுவா?"

பிறகு அவர் செய்தது ஒரு வெல்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மெஷினை இருட்டு மூலைக்கு இழுத்து வந்து, அதன் காலைத் தன் இரும்புக் கட்டிலின் காலோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார். வார்ப்பிரும்பு லேசில் ஒட்டாது. பொறுமையாகச் சூடேற்றி ஒட்டினார். இனி பக்கத்திலேயே இருப்பாள், நாமும் தூங்கலாம் என்பது கணக்கு. மெஷின் அசையவில்லை. ஜன்னல்கள் அசைந்தன. கிழக்கு ஜன்னல் சுவரோடு ஊர்ந்து மூலைக்கு வந்தது, சாயங்காலம் மேற்கு ஜன்னலும் வந்தது. வந்த வழியெல்லாம் விரல் நுழையும் விரிசல். வீட்டு ஓனர் வந்து பார்த்து, ஜன்னல் நடப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, பூச்சு வேலையை யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். முகத்தில் வெயில் அடிக்க, வெல்டர் வேலைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படுத்தார். மேலே கூரை முனகியது.

"வீடு தலைமேல விழப்போகுதுப்பா. அம்மா விடமாட்டா. உங்களுக்குத் தெரியாதா?"

அவரைவிட யாருக்குத் தெரியும்! மறுநாள் காலை வெல்டிங்கை அறுத்தார். அறுக்கும்போது அழுதார். கண்ணாடிக்குள் அழுததால் மகள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். ஜன்னல்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. மெஷின் மட்டும் நகரவில்லை. வெயில் அறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, அது அங்கேயே நின்றது. மகள் தள்ளினாள், அசையவில்லை. ஒரேயடியாகப் போய்விட்டாளோ என்று வெல்டர் கட்டிலில் உட்கார்ந்து அதன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. எழுந்து நாற்காலியைப் பிடித்தார்.

"வரேன், நட" என்றார்.

மெஷின் கிளம்பியது.

இப்போது அந்த வீட்டில் பகல் முழுக்க இரண்டு சத்தம் கேட்கும், முதலில் மெஷின், பின்னாலேயே நாற்காலி. வெல்டர் கறுப்புக் கண்ணாடியோடு வெயிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஜாயின்ட் எதுவும் விட்டுக்கொள்வதில்லை. தூக்கத்தில் அவர் கொஞ்சம் பிந்திவிட்டால், மெஷின் பாதி வழியில் நின்று காத்திருக்கும்.